அட்டவணையில் பத்து மணி நேரம், கையில் மூன்றே கால்

கேள்வி: முதல்முறையாகச் சொகுசுக் கப்பலில் போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், என் அப்பா, அம்மா என ஐந்து பேர். செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பார்சிலோனாவில் ஏறி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஏதென்ஸ் அருகே பிரேயஸில் இறங்குகிறோம். நடுவில் ஐந்து துறைமுகங்கள்: லிவோர்னோ (சனி, காலை 8 முதல் மாலை 6), ரோமுக்கான துறைமுகமான சிவிடாவெக்கியா (ஞாயிறு, காலை 7 முதல் மாலை 7), நேபிள்ஸ் (திங்கள், 8 முதல் 5), சான்டோரினி (புதன், பகல் 1 முதல் இரவு 9), துருக்கியின் குஷாடசி (வியாழன், 8 முதல் 3). லிவோர்னோவில் பிளாரன்ஸும் பீசாவும், ரோமில் வாத்திக்கான் அருங்காட்சியகம், பீட்டர் பேராலயம், கொலோசியம், ட்ரெவி நீரூற்று, நேபிள்ஸில் பாம்பேயும் காப்ரி தீவும், சான்டோரினியில் ஓயாவில் சூரிய அஸ்தமனம், குஷாடசியில் எபேசு என்ற பழைய நகரம். மணிவாரியாக எழுதி வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பேராலயம் பார்க்க வேண்டும், மகளுக்குப் பாம்பேய். இது நடக்குமா? கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, நாங்களே போவதா? அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. "நான் கப்பலிலேயே இருந்துக்கறேன்" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அட்டவணையை இரண்டு முறை படித்தேன். யாருக்கு எதைப் பார்க்க ஆசை என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறீர்களே, அது ரொம்ப நல்ல வேலை. பலர் அதைச் செய்வதே இல்லை. ஆனால் நேரக் கணக்கை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கிறது. நீங்கள் கப்பல் வந்து சேரும் நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணியிருக்கிறீர்கள். ஒன்பது வருடம் கப்பலில் கரைச் சுற்றுலாக்களை விற்கும் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கரையில் இறங்கும் நாளைக் கப்பல் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ண வேண்டும்.

லிவோர்னோவை எடுத்துக்கொள்வோம். 8 முதல் 6 வரை, பத்து மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். மாலை 6 என்பது கயிறு அவிழ்க்கும் நேரம். எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய கடைசி நேரம் பொதுவாக அதற்கு அரை மணி முன்னால், சில இடங்களில் ஒரு மணி முன்னால். அப்படியானால் 5:30. அதற்கு முன் ஒரு மணி நேரமாவது கையிருப்பு வேண்டும். ரயில் தாமதமாகலாம், மகளுக்கு வயிறு சரியில்லாமல் போகலாம், அப்பாவால் வேகமாக நடக்க முடியாமல் போகலாம். ஆக 4:30-க்குக் கப்பலடியில் இருக்க வேண்டும். லிவோர்னோ ரயில் நிலையம் துறைமுகத்தை ஒட்டி இல்லை. அங்கிருந்து கப்பலுக்கு வர அரை மணி வையுங்கள். பிளாரன்ஸ் சுமார் 90 கிலோமீட்டர், ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி. எனவே பிளாரன்ஸில் 2:30 மணி ரயிலைப் பிடிக்க வேண்டும், நிலையத்துக்கு 2:15-க்கே வந்துவிட வேண்டும்.

இனி காலைப் பக்கம். 8 மணிக்குக் கப்பல் அணைந்தாலும் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் இறங்கும் பாலத்தைத் திறப்பார்கள். அதற்கு அரை மணி ஆகலாம். சரக்குத் துறைமுகத்துக்குள் கால்நடையாகப் போக விடமாட்டார்கள்; பேருந்துக்குக் காத்திருந்து, நகருக்கு வந்து, நிலையத்துக்குப் போய், டிக்கெட் எடுத்து, ரயில் ஏறினால், பிளாரன்ஸில் கால் வைக்கும்போது 11 ஆகிவிடும். 11 முதல் 2:15 வரை மூன்றே கால் மணி நேரம். பத்து மணி நேரம் என்று நினைத்த நாளில் உங்களுக்குச் சொந்தமானது அவ்வளவுதான். அதற்குள் சாப்பாடு, கழிவறை வரிசை, வழி தவறுதல் எல்லாம் அடக்கம்.

இதில் பீசாவையும் சேர்த்தால் இரண்டையும் பார்க்க மாட்டீர்கள், இரண்டு ரயில் நிலையங்களைப் பார்ப்பீர்கள். பீசா லிவோர்னோவிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். ரயிலில் கால் மணியோ இருபது நிமிடமோ. பீசாவை மட்டும் வைத்துக்கொண்டால் 10 மணிக்கு அங்கே இருக்கலாம், 3 மணி வரை நிதானமாக இருக்கலாம். ஐந்து பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி, அடுத்த நாள் ரோம் என்ற பெரிய நாள் காத்திருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் துறைமுகத்தில் பீசாவைத்தான் எடுப்பேன். பிளாரன்ஸ் ஒரு தனிப் பயணத்துக்கு உரிய ஊர். மூன்று மணி நேரத்தில் அதை ஓடிப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த ஊரைப் பற்றிச் சொன்னதைவிட அங்கிருந்த வரிசைகளைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு துறைமுகத்துக்கு ஓர் இடம். அது முடிந்து நேரம் மிஞ்சினால் இன்னொன்று, அதுவும் கப்பலுக்குத் திரும்பும் வழியில் இருந்தால். மற்ற நான்கு ஊர்களையும் இந்தக் கணக்கிலேயே பார்ப்போம்.

அதற்கு முன் கடிகாரத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கப்பலுக்கென்று ஒரு நேரம் உண்டு. பெரும்பாலும் அது கரையின் நேரத்தோடு ஒத்துப்போகும், ஆனால் எப்போதும் இல்லை. உங்கள் கைபேசி கரையில் உள்ள கோபுரத்தைப் பிடித்ததும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். நான் கப்பலில் இருந்த காலத்தில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இப்படி ஒரு தம்பதியை விட்டுவிட்டுக் கிளம்பினோம். அந்தப் பகுதி 2015-லிருந்து கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. புளோரிடாவிலிருந்து வந்த கப்பல் புளோரிடா நேரத்திலேயே இருந்தது. கோடையில் இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம். அவர்கள் கைபேசியில் மணி மூன்றரை, கப்பலில் நாலரை. அவர்கள் சோம்பேறிகளும் இல்லை, அலட்சியக்காரர்களும் இல்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டதாக நினைத்து மெதுவாக நடந்து வந்தார்கள். பாலம் எடுத்தாகிவிட்டது, கயிறு அவிழ்த்தாகிவிட்டது. மேல்தளத்திலிருந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டது, "கையில் கடிகாரம் இருக்கிறதா?" என்பதுதான்.

உங்கள் பயணத்தில் நேபிள்ஸுக்கும் சான்டோரினிக்கும் நடுவே நேரம் ஒரு மணி முன்னே போகும். இத்தாலியைவிட கிரீஸ் ஒரு மணி முந்தியது. செப்டம்பரில் துருக்கியும் கிரீஸும் ஒரே நேரம், அங்கே குழப்பம் இல்லை. கப்பலில் எந்த இரவில் கடிகாரத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்பது கப்பலின் அன்றைய நிகழ்ச்சித் தாளான நாளேட்டில் இருக்கும், கேபினுக்கே வரும். ஐந்து பேரில் இருவராவது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிட்டுத் தொடாதீர்கள்.

கப்பல் ஏன் பத்து நிமிடம் காத்திருக்காது என்று பலர் கோபப்படுவார்கள். வழிகாட்டி மாலுமி ஏறியிருப்பார், இழுவைப் படகுகள் வந்திருக்கும், அந்தத் துறைக்கு அடுத்த கப்பல் வெளியே காத்திருக்கலாம். தாமதத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டலாமே என்றால், பத்தில் ஒரு பங்கு வேகம் கூட்டுவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிக எஞ்சின் சக்தி வேண்டியிருக்கும். அவ்வளவு எரிபொருள். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கரையோரம் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகள் தனியார் சுற்றுலா ஒன்றிலிருந்து தாமதமாகத் திரும்பிக் கப்பலைத் தவறவிட்டார்கள். அடுத்து காம்பியாவில் பிடிக்கலாம் என்று பல நாடுகள் சுற்றிப் போனால், கடலில் நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் கப்பலால் அங்கே வர முடியவில்லை. கடைசியில் செனகலில்தான் ஏறினார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவா, சொந்தமாகவா என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் அடிப்படை. கப்பல் நிறுவனத்தின் வழியாக வாங்கிய சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களாகப் போனால் எல்லாம் உங்கள் பொறுப்பு. அந்த உத்தரவாதத்துக்குத்தான் கூடுதல் பணம். பதிலுக்கு நாற்பது ஐம்பது பேரோடு ஒரே பேருந்து, எல்லோரும் ஏறும் வரை காத்திருப்பது, கொடி பிடித்தவர் பின்னால் நடப்பது எல்லாம் சேர்ந்து வரும். கப்பலிலிருந்து தூரமாகப் போகும் நாளில் அந்த உத்தரவாதத்தை வாங்குங்கள். நகரத்தின் காலடியிலேயே கப்பல் நிற்கும் நாளில் அது தேவையில்லை. இது நான் விற்ற சுற்றுலாக்களைப் பற்றி நானே சொல்வது, மேசையில் உட்கார்ந்திருந்தபோதும் கேட்டவர்களிடம் இதைத்தான் சொன்னேன்.

இந்தக் கணக்கில் ரோம் முதல் வகை. சிவிடாவெக்கியாவிலிருந்து ரோம் 70, 80 கிலோமீட்டர். ரயில் உண்டு, நன்றாகவே ஓடும். வாத்திக்கானுக்குப் பக்கத்திலேயே சான் பியெத்ரோ என்ற நிலையத்தில் நிற்கும். நீங்களும் கணவரும் மட்டும் போவதாக இருந்தால் ரயிலையே சொல்லியிருப்பேன். பெரியவர்களோடு போகும்போது இன்னொரு வழி இருக்கிறது. பல கப்பல் நிறுவனங்கள் வழிகாட்டி இல்லாமல், போக வர பேருந்தை மட்டும் தனியாக விற்கும். ரோமில் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் அதே இடத்திலிருந்து கூட்டி வரும். உத்தரவாதமும் கிடைக்கும், கூட்டத்தின் பின்னால் நடக்கவும் வேண்டாம். அதை வாங்குங்கள்.

ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை. வாத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு திறக்காது. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் திறந்திருக்கும், அன்று கூட்டம் தாங்காது. உங்கள் அட்டவணையில் அதற்கு ஒதுக்கிய மூன்று மணி நேரத்தை அப்படியே எடுத்துவிடுங்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. அம்மா கேட்டது பேராலயம், அது வேறு கட்டடம். காலையில் முதல் வேலையாக அங்கே போங்கள். ஞாயிறு பகல் 12 மணிக்குப் போப்பாண்டவர் ஊரில் இருந்தால் ஜன்னலில் தோன்றி ஆசி வழங்குவார், சதுக்கம் நிரம்பிவிடும். அம்மாவுக்கு அதுவே பெரிய பேறாக இருக்கலாம், இல்லை கூட்டம் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். போப்பாண்டவர் தலைமையில் பெரிய வழிபாடு நடக்கும்போது பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள், உங்கள் தேதியில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லோருக்கும் வேண்டும். பிறகு சாப்பாடு, ஒரு டாக்ஸியில் கொலோசியம், அதை வெளியே நின்று பார்த்தல். உள்ளே போக ஆசைப்பட்டால் பேராலயத்தை விட வேண்டும். ரோமில் உங்கள் கைக்கு வருவது ஐந்தரை மணி நேரம்.

நேபிள்ஸ் எனக்குப் பிடித்த துறைமுகம், அதற்குக் காரணம் அதன் வசதி. கப்பல் ஊரின் நடுவிலேயே நிற்கும். முனையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரில் பழைய கோட்டை. இங்கே குடும்பத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லப் போகிறேன்.

நீங்கள் மூவரும் பாம்பேய்க்குப் போங்கள். டாக்ஸியில் ரயில் நிலையம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம், இறங்கினால் வாசல் பக்கத்திலேயே. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, பெயர் போட்ட டிக்கெட் கொடுக்கிறார்கள். முன்பதிவு செய்துவிட்டு, அந்தப் பெயருக்கான அடையாள அட்டையை எடுத்துப் போங்கள். 10 மணிக்கு உள்ளே போய் 2 மணிக்கு வெளியே வந்தால் 3:30-க்குள் கப்பலடியில் இருக்கலாம். நான்கு மணி நேரம் மகளுக்குத் தாராளம். கி.பி. 79-இல் வெசுவியஸ் வெடித்து மூடிய ஊர் என்று இப்போதே கதை சொல்லி வையுங்கள். தெருவில் வண்டிச் சக்கரம் பதித்த தடங்களும், தெருவைத் தாண்ட வைத்த உயரமான கற்களும் அவளுக்குப் பிடிக்கும். நிழல் குறைவு, தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். தரை முழுக்க மேடு பள்ளமான கல். அப்பாவுக்கு அது வேண்டாம்.

அப்பாவும் அம்மாவும் அன்று ஊரிலேயே இருக்கட்டும். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்தால் கண்ணாடிக் கூரை போட்ட உம்பர்த்தோ அங்காடிக் கூடம் வரும். அதற்கு எதிரே 1737-இல் திறந்த சான் கார்லோ இசை நாடக அரங்கு. உட்கார இடம் உண்டு, களைத்தால் கப்பல் பக்கத்திலேயே. அவர்கள் இஷ்டப்படி ஒரு நாள். நீங்கள் உடன் இல்லாததால் அப்பா தன் முழங்காலைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. பல பெரியவர்கள் கப்பலிலேயே இருக்கிறேன் என்று சொல்வதற்கு வலியைவிட, தன்னால் மற்றவர்கள் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் பெரிய காரணம். என் மேசைக்குத் தனியாக வந்து மெதுவான குரலில் கேட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காப்ரியை விட்டுவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், நீங்கள் தீவில் மாட்டிக்கொள்வீர்கள், கப்பல் போய்விடும்.

அடுத்தது சான்டோரினி. உங்கள் அட்டவணையில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த நாள்தான். இங்கே கப்பல் துறையில் அணையாது. எரிமலை இடிந்து உருவான ஆழமான கடல் பள்ளத்துக்கு நடுவே நிற்கும், சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோவார்கள். டெண்டர் என்பார்கள். படகில் முதலில் போவது கப்பலின் சுற்றுலா வாங்கியவர்கள், மற்றவர்கள் எண் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். 1 மணிக்கு வந்த கப்பலிலிருந்து 2:30-க்குத்தான் கரை சேர்ந்தேன் என்றால் ஆச்சரியம் இல்லை. கரையில் இறங்கினால் ஊர் தலைக்கு மேலே செங்குத்தான பாறை உச்சியில் இருக்கிறது. ஏற மூன்று வழி: கேபிள் கார், 600-ஐ நெருங்கும் படிகள், அதே படிகளில் கழுதை. படிகளில் கழுதைகளின் சாணமும் வழுக்கலும். கழுதைச் சவாரியை நான் யாருக்கும் சொல்வதில்லை, வெயிலில் அந்தப் பிராணிகள் படும் பாடு பார்க்க முடியாது. மிஞ்சுவது கேபிள் கார். போக வர அதற்கு நீண்ட வரிசை. 2025-லிருந்து ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று அந்தத் தீவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த 8,000 பேரில் பெரும்பாலானோர் கீழே வர நம்பியிருப்பதும் அதே கேபிள் காரைத்தான்.

இப்போது உங்கள் ஓயா திட்டத்தைப் பாருங்கள். செப்டம்பர் நடுவில் அங்கே சூரியன் மறைவது ஏழரை மணி வாக்கில். கப்பல் கிளம்புவது 9. கடைசி டெண்டர் எட்டேகால், எட்டரைக்குள் போய்விடலாம். ஓயாவிலிருந்து கேபிள் கார் இருக்கும் ஃபிரா சுமார் 11 கிலோமீட்டர். அஸ்தமனம் முடிந்த நொடியே அத்தனை பேரும் ஒரே ஒற்றைச் சாலையில், பிறகு ஒரே கேபிள் கார் வரிசையில். 11 வயதுக் குழந்தையோடு இருட்டில் அந்த வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பது நல்ல நினைவாக இருக்காது. மேலே ஏறி ஃபிராவில் மட்டும் இருங்கள். பாறை விளிம்பில் நடந்துகொண்டே பள்ளத்தையும் கப்பல்களையும் பார்க்கலாம். 6 மணிக்கே கேபிள் காருக்கு வந்துவிடுங்கள், 6:45-க்குக் கப்பலில் இருப்பீர்கள்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் என்றால், அஸ்தமனத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கத்தான். ஓயாவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவர்கள் பார்ப்பதும் அதே சூரியனைத்தான். நீங்கள் பள்ளத்துக்கு நடுவிலேயே இருப்பீர்கள். சுற்றிலும் செம்பாறைச் சுவர், அதன் உச்சியில் வெள்ளை வீடுகள் நிறம் மாறும். அங்கே அப்பா ஏற்கெனவே நாற்காலி பிடித்து வைத்திருப்பார்.

ஆம், இந்த ஒரு துறைமுகத்தில் அப்பா கப்பலிலேயே இருக்கட்டும் என்பது என் தெளிவான கருத்து. டெண்டரில் ஏறும்போது அசையும் மேடையிலிருந்து அசையும் படகுக்குக் கால் வைக்க வேண்டும். ஊழியர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்வார்கள்தான், ஆனாலும் வலிக்கிற முழங்காலுக்கு அந்த ஓர் அடி பெரியது. காற்று பலமாக இருந்தால் நடமாட்டம் குறைந்தவர்களை ஏற்ற மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அங்கே போய் நின்று மறுக்கப்படுவதைவிட முன்பே முடிவு செய்வது அவருக்குக் கௌரவமாக இருக்கும். பாதிப்பேர் இறங்கிவிட்ட கப்பல் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த மதியத்தை எதிர்பார்த்தே பயணம் வருகிற பெரியவர்கள் உண்டு.

இன்னொன்று: காற்று அதிகமானால் டெண்டர் துறைமுகத்தையே கேப்டன் ரத்து செய்துவிடுவார். கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும். நீங்கள் வெளியே முன்பதிவு செய்ததற்குத் திரும்ப வராமல் போகலாம். சான்டோரினிக்கு எதையும் முன்பணம் கட்டி வைக்காதீர்கள்.

குஷாடசியில் கப்பல் துறையிலேயே அணையும், எபேசு சுமார் 20 கிலோமீட்டர். இங்கே ஓட்டுநரோடு ஒரு வண்டியை ஏற்பாடு செய்வது உங்கள் ஐவருக்கு நன்றாகப் பொருந்தும். இந்த இடத்துக்கு மேல் வாசல், கீழ் வாசல் என்று இரண்டு உண்டு. மேல் வாசலில் இறக்கிவிட்டு, கீழ் வாசலில் வந்து காத்திருக்கச் சொல்லுங்கள். அப்போது முழுக்க இறக்கம், செல்சஸ் நூலகத்தின் முகப்பு எதிரே தெரியத் தெரிய நடப்பீர்கள். இறக்கமும் சில முழங்கால்களுக்கு ஆகாது, பளிங்குக் கல் தேய்ந்து வழுக்கும். அப்பா கைத்தடி எடுத்து வரட்டும். முடியாது என்றால் கீழ் வாசல் பக்கம் மட்டும் நுழைந்து பெரிய அரங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பகல் 1 மணிக்கு முன் கப்பலடிக்கு வந்துவிடுங்கள்.

இந்தத் துறைமுகத்துக்காகத்தான் அவசரமாக ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவை என்றால், அது எத்தனை நுழைவுக்கான விசா? ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் மூன்றும் ஷெங்கன் பகுதி. துருக்கி அதில் இல்லை. சான்டோரினியிலிருந்து குஷாடசிக்குப் போகும்போது அந்தப் பகுதியை விட்டு வெளியேறி, பிரேயஸில் மறுபடி நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா போதாது. துருக்கிக்குத் தனி விதி. கப்பல் பயணிகளுக்கு உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். "நாங்கள் துருக்கியில் இறங்க மாட்டோம்" என்று சொன்னாலும் சில நிறுவனங்கள் விசா இல்லாதவரைப் பார்சிலோனாவிலேயே ஏற்ற மறுத்துவிடும்.

தினமும் இறங்கும்போது என்ன எடுத்துப் போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் அட்டை ஆளுக்கு ஒன்று, மகளிடமும். புகைப்பட அடையாள அட்டை, பாஸ்போர்ட் நகல். மருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாக. அன்றைய நாளேட்டில் போர்ட் ஏஜென்ட் என்று அந்த ஊரின் கப்பல் முகவருடைய தொலைபேசி எண் இருக்கும், அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான். பல நிறுவனங்கள் கேபினில் இருக்கும் பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போகும். இறங்கியதும் துறையின் பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுங்கள், டாக்ஸி ஓட்டுநரிடம் காட்ட உதவும். கடலில் இருக்கும்போது கைபேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். கப்பலின் கோபுரத்தைப் பிடித்தால் கட்டணம் எகிறிவிடும்.

ஆக, பீசா, பேராலயம், பாம்பேய், ஃபிராவின் பாறை விளிம்பு, எபேசு. நீங்கள் எழுதியதில் பாதிதான் மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். பிளாரன்ஸைக் கழிக்க மனசு வரவில்லை என்றால் அதைக் கப்பலின் பேருந்தில் போங்கள், பீசாவைக் கழித்துவிடுங்கள். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன், அடுத்த நாள் ரோமில் களைப்பு தெரியும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அப்பாவிடம் இந்த வாரமே பேசுங்கள். "வருகிறீர்களா, இல்லையா?" என்று மொத்தமாகக் கேட்காமல், ஐந்து ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எங்கே எவ்வளவு நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம் என்று விவரித்து, அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். விசாவைப் பார்த்துவிட்டு, அவர் எந்த ஊர்களைச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எபேசுக்கு வண்டி எந்த மாதிரி வேண்டும் என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.